காட்டிறைச்சி மோகமும் கவனிக்கப்படாத சுகாதார ஆபத்தும்

வன்னியிலிருந்தோ மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்தோ நகரத்துக்கு வருகின்ற உறவினர் ஒருவர் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதியொன்றைக் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தி, 'மரை வத்தல்' என்று சொல்லிக் கொடுப்பாராயின் அதனைப் பெறுகின்ற வீட்டில் ஒரு தனி உற்சாகம் பிறப்பதை நாம் அறிவோம். சந்தையில் பணம் கொடுத்து வாங்கும் கோழிக்கோ ஆட்டுக்கோ இல்லாத மதிப்பு அந்தப் பொதிக்கு உண்டு. மருந்தடிக்காத இறைச்சி, ஊசி போடாத இறைச்சி, இயற்கையாக மேய்ந்து வளர்ந்த விலங்கின் இறைச்சி என்றெல்லாம் அதற்குப் பெருமை சொல்லப்படுகின்றது. பண்ணைக்கோழிக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் குறித்து மக்களிடம் அச்சம் அதிகரித்ததோடு, காட்டிறைச்சி தூய்மையானது என்ற நம்பிக்கையும் வலுப்பெற்றிருக்கின்றது. இந்த நம்பிக்கையே இன்று நாம் ஆராய விரும்பும் விடயம்.

காட்டு விலங்குகள் வேட்டையாடப்படுவது பற்றி எமது பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்பின் பக்கமிருந்தே எழுதுவது வழக்கம். அது அவசியமானதே. ஆனால் அந்த இறைச்சியை வாங்கிச் சமைத்துத் தன் பிள்ளைகளுக்குப் பரிமாறுகின்ற குடும்பத்துக்கு நேரக்கூடிய தீங்கு பற்றி எழுதப்படுவது மிகக் குறைவு. வைத்தியர்களும் பொதுச் சுகாதார பரிசோதகர்களும் ஆட்டிறைச்சிக் கடையைப் பற்றியும் ஹோட்டல் சமையலறையைப் பற்றியும் பேசுகின்றார்கள். காட்டிறைச்சி பற்றி அவர்கள் பேசுவதில்லை. சட்டவிரோதமான பொருளொன்றை எவ்வாறு பாதுகாப்பாகச் சமைப்பது என்று அரசாங்க அதிகாரி ஒருவர் விளக்கம் கொடுக்க முடியாது என்பது இதற்கான காரணங்களில் ஒன்றாக இருக்கலாம்.

வெளிநாடொன்றில் நடந்த, முழுமையாக ஆராயப்பட்ட சம்பவம் ஒன்றை முதலில் பார்ப்போம். 2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் ஒன்றுகூடினார்கள். அவர்களுள் ஒருவர் கனடாவின் சஸ்கட்செவான் மாகாணத்தில் வேட்டையாடப்பட்ட கருங்கரடியின் இறைச்சியைக் கொண்டுவந்திருந்தார். அந்த இறைச்சி 45 நாட்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உறைநிலையில் வைக்கப்பட்டிருந்தது. உறைய வைத்தால் புழு பூச்சி இருப்பின் செத்துவிடும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. காய்கறிகளுடன் சேர்த்துக் கம்பியில் கோத்து நெருப்பில் வாட்டினார்கள். கரடி இறைச்சி இயல்பாகவே கருஞ்சிவப்பு நிறமானது என்பதால் வெந்ததா, வேகவில்லையா என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. முதலில் பரிமாறப்பட்டது அரைவேக்காடாக இருந்ததைச் சிலர் கவனித்ததும் அது மீண்டும் வாட்டப்பட்டது.

விருந்து முடிந்து சில நாட்களின் பின்னர் 29 வயது இளைஞர் ஒருவர் காய்ச்சல், தாங்க முடியாத தசைவலி, கண்ணைச் சுற்றிய வீக்கம் ஆகியவற்றுடன் வைத்தியசாலைக்குச் சென்றார். பதினேழு நாட்களுக்குள் இரண்டு முறை அவர் அனுமதிக்கப்பட்ட பின்னரே கரடி இறைச்சி பற்றிய பேச்சு எழுந்தது. மொத்தம் ஆறு பேர் பாதிக்கப்பட்டிருந்தமை விசாரணையில் தெரியவந்தது. அவர்களில் இருவர் இறைச்சியைத் தொடவேயில்லை. அதனுடன் சேர்த்து வாட்டப்பட்ட காய்கறிகளை மாத்திரமே உண்டிருந்தனர். மிஞ்சிய இறைச்சியை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் பரிசோதித்தபோது, உறைநிலையில் மூன்று மாதங்களுக்கு மேல் இருந்த பின்னரும் அதற்குள் புழுக்கள் உயிருடன் அசைந்துகொண்டிருந்தன. 2024 மே மாதத்தில் இவ்விபரங்கள் வெளியிடப்பட்டன.

அந்தப் புழுவின் பெயர் டிரிக்கினெல்லா. எமது நாட்டு வைத்தியசாலைகளில் அன்றாடம் பேசப்படும் நோயல்ல அது. எனினும் காட்டிறைச்சிக்கும் ஒட்டுண்ணிக்குமுள்ள உறவை விளங்கிக்கொள்ள இதனைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. பன்றி, கரடி போன்று இறைச்சியையும் உண்ணும் விலங்குகளின் தசைக்குள் இப்புழுவின் குடம்பிகள் சுருண்டு, தம்மைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உயிர்வாழும். வெறுங்கண்ணுக்கு அவை புலப்படா. இறைச்சியின் நிறமோ மணமோ மாறாது. அந்த விலங்கும் நோயுற்றதாகத் தோன்றாது. அதனை மனிதர் உண்டதும் இரைப்பை நீர் அந்த உறையைக் கரைக்கின்றது. குடலில் வளர்ந்து இணைசேரும் புழுக்கள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈனுகின்றன. முதல் சில நாட்களில் வயிற்றோட்டம், வயிற்றுவலி. அது தணிந்து 'ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று மறந்துபோன பின்னர், இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் குஞ்சுகள் இரத்தத்தினூடாகத் தசைகளைச் சென்றடையும்போதுதான் காய்ச்சலும் தசைவலியும் முகவீக்கமும் தோன்றுகின்றன. இருதயத் தசையும் மூளையும் தாக்கப்பட்டு மரணம் சம்பவிப்பதும் உண்டு. புழு குடலில் இருக்கும்போதே அல்பெண்டசோல் போன்ற சாதாரண புழு மருந்து நன்கு வேலை செய்யும். தசைக்குள் நுழைந்த பின்னர் அதன் பலன் குறைந்துவிடும். ஆகவே, ஒரு மாதத்துக்கு முன்னர் உண்ட உணவை நோயாளி நினைவுபடுத்திச் சொல்வதிலேயே அனைத்தும் தங்கியிருக்கின்றது.

இது குளிர்நாட்டுக் கரடியின் கதை, எமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். தாய்லாந்து குளிர்நாடல்ல. அந்நாட்டின் வடபுலத்திலுள்ள மே ஹொங் சொன் மாகாணத்தில் 1962ஆம் ஆண்டு இந்நோய் முதன்முதலாகப் பதிவானது. அதன்பின்னர் மலைக்கிராமங்களில் வளர்ப்புப் பன்றியையும் காட்டுப்பன்றியையும் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ கொத்தி உண்ணும் வழக்கத்தினால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். உறைகுளிரைத் தாங்கும் வல்லமை குளிர்நாட்டு இனத்துக்கே உரியது என்பது உண்மை. வெப்பநாட்டு இனங்கள், இறைச்சி துண்டுகளாக்கப்பட்டு மறை 15 பாகை செல்சியசில் மூன்று வாரங்கள் வைக்கப்பட்டால் பெரும்பாலும் இறந்துவிடும். ஆனால் எமது வீடுகளின் குளிர்சாதனப் பெட்டிகள் மின்வெட்டையும், கதவை நூறு தடவை திறந்து மூடும் பிள்ளைகளையும் தாங்கி, மூன்று வாரங்கள் அந்தக் குளிரில் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எமக்குச் சாதகமான விடயம் ஒன்றும் உண்டு. இலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் இறைச்சியைச் சமைக்கின்ற முறை, பொதுவாக, உலகின் பாதுகாப்பான முறைகளில் ஒன்று. சிறு துண்டுகளாக வெட்டி, மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, குழம்பு வற்றும்வரை கொதிக்கவிடும் கறியில் புழுவோ கிருமியோ தப்பிப்பிழைப்பது அரிது. இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியசை எட்டினால் போதுமென நிபுணர்கள் கூறுகின்றனர். கொதிக்கும் கறி நூறு பாகையை அண்மித்தது. எமது பாட்டிமாருக்கு வெப்பமானி தேவைப்படவில்லை.

ஆபத்து கறிச்சட்டிக்கு வெளியே இருக்கின்றது. காட்டிறைச்சி வீட்டின் அடுப்பை விட்டு வெளியேறி வேறிடங்களுக்குச் சென்றுவிட்டது. வயலோரக் கொட்டிலிலும் குளக்கட்டிலும் நண்பர்கள் கூடி நெருப்பில் வாட்டி உண்பது, விடுமுறை விடுதிகளில் நகரத்தவருக்குத் தடித்த துண்டுகளாகச் சுட்டுக்கொடுப்பது, மதுவுடன் கடித்துக்கொள்ள அரைப்பொரியலாகக் கொடுப்பது என்பன இன்று வழக்கத்துக்கு வந்துள்ளன. மேற்பரப்பு கருகி, உள்ளே பச்சையாக இருக்கும் இறைச்சி அது. மரையினதும் காட்டுப்பன்றியினதும் இறைச்சி கருஞ்சிவப்பாக இருப்பதால் தெற்கு டகோட்டாவில் ஏற்பட்ட அதே மயக்கம் இங்கும் ஏற்படும்.

வத்தல் பற்றியும் சொல்லியாக வேண்டும். உப்பிட்டு வெயிலில் உலர்த்துவதும் புகையூட்டுவதும் இறைச்சியைக் கெடாமல் வைத்திருக்கும் பழைய நுட்பங்கள். கெடாமலிருப்பதும் கிருமியற்றிருப்பதும் ஒன்றல்ல. 1995இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வேட்டைக்காரர் ஒருவர் தாம் சுட்ட மானின் இறைச்சியை வீட்டிலேயே உலர்த்தி வத்தலாக்கினார். அதனை உண்டோர் உட்பட 11 பேர், இரத்த வயிற்றோட்டத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும் ஓ157 வகை ஈ.கோலை பக்டீரியாவினால் பாதிக்கப்பட்டனர். எஞ்சிய வத்தலிலும், உலர்த்தப்படாத இறைச்சியிலும், அறுக்கப் பயன்பட்ட வாளிலும், உரித்த தோலிலும் அதே பக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது. குடலில் இருந்த கிருமி தோலுக்கும், தோலிலிருந்து கத்திக்கும், கத்தியிலிருந்து இறைச்சிக்கும் போயிருந்தது. மின்சார உலர்த்தியில் உலர்த்திய இறைச்சியின் கதி இதுவென்றால், கூரைத் தகரத்தில் ஈ மொய்க்க உலர்ந்த வத்தலின் கதியைக் கூற வேண்டியதில்லை. ஆயினும் வத்தலைக் கழுவி, ஊறவைத்து, கறியாகக் கொதிக்கவிட்டு உண்போருக்கு அச்சம் குறைவு. பொதியைப் பிரித்தவுடன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போடுவோருக்கும், அதனைப் பார்த்துக் கைநீட்டும் பிள்ளைகளுக்குமே இது சொல்லப்படுகின்றது.

புழுவும் பக்டீரியாவும் மட்டுமல்ல. 2003ஆம் ஆண்டு ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் மான் இறைச்சியைப் பச்சையாக உண்ட நால்வருக்கு ஆறு, ஏழு வாரங்களின் பின்னர் ஈ வகை ஈரலழற்சி ஏற்பட்டது. அவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் மீதம் வைத்திருந்த அதே மானின் இறைச்சியில் அதே வைரஸ் இருந்தமை நிரூபிக்கப்பட்டது. விலங்கின் இறைச்சியிலிருந்து மனிதருக்கு ஈரலழற்சி தொற்றுகின்றது என்பதற்கு முதன்முதலாகக் கிடைத்த நேரடிச் சான்றுகளில் ஒன்றாக அது கருதப்படுகின்றது. இவைதவிர, பூனை இனங்களின் மூலம் பரவும் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மான், பன்றி முதலியவற்றின் தசையில் தங்குவது. கர்ப்பிணித் தாய்மாரின் சிசுவை அது தாக்கி, பார்வையையும் மூளையையும் பாதிக்கக்கூடும். கர்ப்பிணிக்கு உடம்பு தேறட்டும் என்று தேடிப்பிடித்துக் காட்டிறைச்சி கொடுக்கும் வழக்கம் எமது கிராமங்களில் இருப்பதனால் இதனை அழுத்திக் கூறுகின்றோம்.

உண்பவரை விடவும் அதிக ஆபத்துக்கு உள்ளாகின்றவர் ஒருவர் இருக்கின்றார். அவர் விலங்கை உரித்து வெட்டுபவர். வெறுங்கையுடன், பெரும்பாலும் இரவில், கைவிளக்கின் வெளிச்சத்தில், விரலில் ஒன்றிரண்டு கீறல்களுடன் அவர் வேலை செய்கின்றார். எலிக்காய்ச்சல் கிருமியைக் காட்டுப்பன்றி உட்படப் பல விலங்குகள் தமது சிறுநீரகத்தில் சுமக்கின்றன. தோலின் ஒரு சிறு கீறல் அதற்குப் போதுமான வாசல். 2008ஆம் ஆண்டு இலங்கையில் 7000இற்கும் அதிகமானோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்துடன் பதிவாகினர். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் இனங்காணப்படாத காய்ச்சலெனப் பீதி கிளப்பிய உயிரிழப்புகளுக்கும் எலிக்காய்ச்சலே காரணமென உறுதியானது. வயலில் இறங்கும் விவசாயிக்குச் சுகாதாரத் திணைக்களம் முற்காப்பாக டொக்சிசைக்கிளின் மாத்திரை வழங்குகின்றது. பன்றி உரிப்பவர் அந்தப் பட்டியலில் சேர்வதில்லை, சேர்வதற்கு அவர் தம்மை வெளிப்படுத்தவும் மாட்டார். வேட்டை நாய்களுக்கு ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக எறிவதும் சிறிய விடயமன்று. அவற்றிலுள்ள நீர்க்கட்டிகளிலிருந்து நாயின் குடலில் நாடாப்புழு வளர்கின்றது. நாயின் உரோமத்தில் ஒட்டிய அதன் முட்டைகள் நாயுடன் விளையாடும் பிள்ளையின் வயிற்றுக்குள் சென்றால், பல ஆண்டுகள் கழித்து ஈரலில் கட்டியாக அது தெரியவரும்.

இங்கு காட்டிறைச்சி எவ்வாறு கிடைக்கின்றது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு குறியில் வீழ்த்தி, உடனடியாக இரத்தம் வடித்து, குடலை அப்புறப்படுத்திக் குளிரூட்டும் வேட்டை முறை எம்மிடம் இல்லை. சுருக்குத்தடத்தில் மாட்டிய விலங்கு மணிக்கணக்கில், சிலவேளை ஒரு நாள் முழுவதும் போராடி இறக்கின்றது. கட்டுத்துவக்கில் அடிபட்டது காயத்துடன் ஓடி எங்கோ விழுந்து, மறுநாள் கண்டெடுக்கப்படுகின்றது. 'ஹக்க பட்டாஸ்' எனப்படும் வெடியைக் கடித்த விலங்கின் தாடை சிதறுகின்றது. அதே வெடி யானைக்குட்டிகளைப் பட்டினியால் அணுவணுவாகச் சாகடிப்பதும் நாடறிந்தது. வயிற்றில் குண்டுபட்ட விலங்கின் குடல் கிழிந்து சாணமும் இறைச்சியும் கலக்கின்றன. 30 பாகை வெப்பத்தில், சாதகமான நிலையில், பக்டீரியாக்கள் அரைமணி நேரத்துக்கு ஒருமுறைக்கும் குறைவான இடைவெளியில் இருமடங்காகப் பெருகவல்லன. சோதனைச் சாவடிக்கு அஞ்சி உரப்பையில் கட்டி, மோட்டார் சைக்கிளில் இரவோடிரவாகக் கொண்டுசெல்லப்படும் இறைச்சிக்கு ஐஸ்கட்டி கிடைப்பதில்லை. சமைக்கும்போது பக்டீரியா இறக்கலாம். ஆனால் சில பக்டீரியாக்கள் ஏற்கெனவே இறைச்சியில் சுரந்து வைத்த நஞ்சு கொதிநீரிலும் அழிவதில்லை. நன்றாகச் சமைத்துத்தானே சாப்பிட்டோம், ஏன் வாந்தி என்று வியப்போருக்கான விடை பெரும்பாலும் இதுவே.

சன்னங்களிலுள்ள ஈயமும் இறைச்சியில் தங்குகின்றது. காயத்தைச் சுற்றி வெகுதூரம் சிதறும் நுண்துகள்கள் பல்லில் படாத அளவுக்குச் சிறியவை. வேட்டைக்காரர்கள் ஏழைகளுக்கென நன்கொடையாக வழங்கிய மான் இறைச்சியில் ஈயத்துகள்கள் காணப்பட்டதால், 2008இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் அதனை விநியோகிப்பது நிறுத்தப்பட்டது. சிறுவர்களின் மூளை வளர்ச்சிக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

சமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை முற்றாகத் தோற்றுப்போகும் இடம் கடலோரத்தில் இருக்கின்றது. கடலாமை இறைச்சி, அதிலும் விசேடமாக அழுங்காமையின் இறைச்சி, சில வேளைகளில் கடும் நஞ்சாக மாறுகின்றது. ஆமை உண்ட பாசி, கடற்பஞ்சு முதலியவற்றிலிருந்து அந்த நஞ்சு சேர்வதாகக் கருதப்படுகின்றது. ஆமை நோயுற்றதாகத் தோன்றாது. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் நஞ்சு நீங்காது. மாற்று மருந்தும் கிடையாது. இது எமக்குப் புதிய செய்தியன்று. 1840 ஒக்டோபரில் பாணந்துறையில் ஆமை இறைச்சி உண்ட 28 பேர் நோயுற்று, அவர்களில் 18 பேர் அன்றிரவே உயிரிழந்ததை பின்னர் இலங்கையில் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் தமது நூலில் பதிவுசெய்திருக்கின்றார். 2024 மார்ச் மாதம் சான்சிபாரின் பெம்பா தீவுக்கூட்டத்தில் ஆமை இறைச்சி உண்ட எட்டுச் சிறுவர்களும் ஒரு பெண்ணும் இறந்தனர். மேலும் 78 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். இவ்விரண்டு சம்பவங்களுக்குமிடையில் 183 ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தும் வைத்தியர்கள் செய்யக்கூடியது பெரிதாக மாறிவிடவில்லை. மன்னார் முதல் தீவகம் வரை மறைவாக ஆமை அறுக்கப்படுவது கரையோர மக்கள் அறியாததல்ல. தாய்ப்பாலின் மூலமும் இந்நஞ்சு குழந்தைக்குச் செல்லக்கூடும் என்பதையாவது அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

2024 ஒக்டோபரில் மேல் மாகாணத்தில் உறுதிசெய்யப்பட்டுப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் பரவிய ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்த விடயத்துக்கு இன்னொரு பரிமாணத்தைக் கொடுத்தது. அந்த வைரஸ் மனிதரைத் தொற்றாது. இதனை ஐயமின்றிக் கூறலாம். ஆனால் வளர்ப்புப் பன்றியையும் காட்டுப்பன்றியையும் அது ஒரே விதமாகக் கொல்லும். நோயினால் சாகும் நிலையிலுள்ள விலங்கைப் பிடிப்பது மிக எளிது என்பதையும், நோயுற்ற விலங்கில் வேறு கிருமிகளும் பெருகியிருக்கும் என்பதையும் வாங்குவோர் எண்ணிப்பார்ப்பதில்லை. காட்டுப்பன்றி இறைச்சி வழமையைவிட மலிவாகக் கிடைக்கும்போது அது ஏன் மலிந்தது என்று ஒரு கேள்வியாவது கேட்கப்பட வேண்டும்.

எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இவ்விடயத்தில் இரட்டிப்புக் கவனம் தேவையென நாம் கருதுகின்றோம். மானும் மரையும் மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தானாகச் செத்ததும், கழுத்து நெரிபட்டுச் செத்ததும், அடிபட்டும் விழுந்தும் செத்ததும், உயிர் பிரியுமுன் முறைப்படி அறுக்கப்பட்டாலன்றி, விலக்கப்பட்டவை என்பதை அவர்கள் எம்மிலும் நன்கறிவர். சுருக்குத்தடத்தில் மாட்டி இரவிலேயே இறந்த மான் காலையில் அறுக்கப்பட்டதா, இறந்த பின்னர் கத்தி வைக்கப்பட்டதா என்பதற்கு விற்பவரின் வாய்வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அத்தோடு தோலும் தலையும் நீக்கி வத்தலாக்கப்பட்ட பின்னர் அது மானா, மாடா, பன்றியா என்பதைக் கண்ணால் கண்டு சொல்வது எவருக்கும் இயலாது. சந்தைக் கோழிக்குக்கூட ஹலால் சான்றிதழ் தேடுகின்ற குடும்பங்கள் உரப்பையில் வரும் பொதியை நம்பி ஏற்றுக்கொள்வது எமக்கு விளங்காத முரண்பாடாகவே இருக்கின்றது. மார்க்கத் தீர்ப்புக் கூறுவது உலமாக்களின் பணி. இரத்தம் வடியாமல் இறந்த விலங்கின் இறைச்சி விரைவில் பழுதடையும் என்பது சுகாதாரம் கூறும் செய்தி. இரண்டும் இங்கு ஒரே திசையில் நிற்கின்றன.

சட்டத்தின் நிலையைப் பார்த்தால், மாட்டையும் ஆட்டையும் அறுப்பதற்கு 1893ஆம் ஆண்டின் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம் முதல் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் வரை விதிகள் பல உள்ளன. உள்ளூராட்சி சபையின் அனுமதி பெற்ற கொல்களத்தில், பரிசோதனைக்குப் பின்னரே அறுக்கலாம். குறைபாடுகள் ஏராளமாக இருந்தாலும் ஒரு முறைமையாவது இருக்கின்றது. காட்டிறைச்சிக்கு அதுவும் இல்லை. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மான், மரை, கடலாமை ஆகியவற்றைக் கொல்வதும் இறைச்சியை வைத்திருப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். வனஜீவராசிகள் அதிகாரிகளும் பொலிஸாரும் கைப்பற்றுகின்ற இறைச்சி நீதிமன்றத்தில் சான்றுப்பொருளாக மட்டுமே நோக்கப்படுகின்றது. அதிலிருந்து ஒரு துண்டு கால்நடை ஆய்வுகூடத்துக்கு ஒழுங்காக அனுப்பப்படுமாயின் எந்தக் காட்டில் எந்த ஒட்டுண்ணி உள்ளதென்று சில ஆண்டுகளில் தெளிவான படமொன்று கிடைக்கும். செலவும் அதிகமில்லை. இரு திணைக்களங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எமது நாட்டில் அதுவே கடினமான காரியம் என்பதை நாம் மறக்கவில்லை.

காட்டுப்பன்றியின் நிலை வேறு. மானைப்போல அது பாதுகாப்புப் பெற்ற விலங்கல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மட்டக்களப்பு விவசாயிகள் அதனால் படும் துன்பம் கொஞ்சமல்ல. ஓர் இரவில் ஒரு கூட்டம் புகுந்தால் ஒரு போகத்தின் கச்சானும் மரவள்ளியும் போய்விடும். பயிரைக் காக்கக் கொல்லப்பட்ட விலங்கை மண்ணில் புதைக்கச் சொன்னால் கேட்பதற்கு ஏழை விவசாயி தயாராக இருக்கமாட்டார். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்ட நாடு இது. அந்நாட்களில் ஒரு கிலோ கோழி வாங்க முடியாதிருந்த குடும்பங்களுக்குக் காடுதான் கைகொடுத்தது. அதற்கு முன்னர், பொருளாதாரத் தடைக்குள்ளும் இடப்பெயர்வுக்குள்ளும் வன்னி மக்களுக்குக் கைகொடுத்ததும் அதே காடுதான். நகரத்திலிருந்து கொண்டு அவர்களுக்கு நல்லொழுக்கம் போதிப்பது எமது நோக்கமல்ல. பசிக்கு உண்பவரையும் பணம் கொடுத்து வேட்டையைத் தூண்டும் விடுதிக்காரரையும் ஒரே தராசில் வைக்கவும் நாம் விரும்பவில்லை. எனவே, பயிர்ச்சேதத்தின் பெயரால் கொல்லப்படும் காட்டுப்பன்றியைப் பரிசோதிப்பதற்குக் கால்நடை வைத்திய அலுவலகங்களில் ஓர் ஏற்பாடு செய்யப்படுவதும், கமநல சேவை நிலையங்களின் மூலம் கையுறை அணிவது, குடலைப் புதைப்பது, கறுப்பு நிறம் கண்டு ஏமாறாமல் கொதிக்கவைப்பது போன்ற விடயங்கள் தமிழில், எளிய துண்டுப்பிரசுரங்களாக வழங்கப்படுவதும் நடைமுறைக்கு ஏற்றவை.

மான், மரை, கடலாமை விடயத்தில் அத்தகைய ஏற்பாடு கூடாது. பரிசோதனைக்குப் பின் விற்கலாம் என்று கதவைத் திறந்தால் எஞ்சியிருப்பவையும் ஓரிரு தசாப்தங்களில் முடிந்துவிடும். அதனால் அவற்றின் இறைச்சி எப்பொழுதும் பரிசோதிக்கப்படாததாகவே இருக்கும். வாங்குகின்றவர் அதனைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

ஆனால் வைத்தியசாலைகளில் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காரணம் புரியாத காய்ச்சலுடனும் தசைவலியுடனும் முகவீக்கத்துடனும் வருகின்ற நோயாளியிடம், கடந்த இரண்டு மாதங்களில் காட்டிறைச்சி உண்டீர்களா, உரித்தீர்களா என்று கேட்க வேண்டும். இன்று கேட்டாலும் உண்மையான பதில் கிடைக்காது. அபராதத்துக்கும் பொலிஸுக்கும் அஞ்சி, கோழிக்கறிதான் சாப்பிட்டேன் என்று நோயாளி சொல்வார். உடன்வந்த மனைவியும் அதையே சொல்வார். வைத்தியரிடம் சொல்லப்படும் அந்தப் பதில் நோயாளியின் படிவத்தைத் தாண்டி எந்த அதிகாரியிடமும் போகாது என்ற உறுதிமொழியைச் சுகாதார அமைச்சு பகிரங்கமாக வழங்க வேண்டும். கிராமத்து வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுச் சுவரில் அது தமிழிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும்.